மத்தேயு வசனத்தைத் திரித்தாரா? பழைய மறைநூலுக்குப் புதுப்பொருள் கண்டவர்கள் பற்றிய விவாத இழை

3 ஆகஸ்ட் 2024: இழையைத் தொடங்கிய வாசகரின் கேள்வி

"ஓசியா 11:1 இல், இஸ்ரவேல் இளையவனாக இருந்தபோது கடவுள் அவனை நேசித்ததாகவும், தம் மகனை எகிப்திலிருந்து வரவழைத்ததாகவும் வருகிறது. அது பழைய விடுதலையை நினைவுகூரும் வாக்கியம். வருங்காலத்தைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. மத்தேயு 2:15 அதே வாக்கியத்தை எடுத்து, குழந்தை இயேசு எகிப்துக்குப் போய்த் திரும்பியதில் அது நிறைவேறியது என்கிறது. யூதர்கள் தங்கள் நூலை எழுதியபடியே வாசித்தார்கள், கிறித்தவர்களே வளைத்தார்கள் என்று முடிவு செய்திருக்கிறேன். மறுப்பவர் உண்டா?"

4 ஆகஸ்ட் 2024

பாதியை மறுக்கிறேன். ஓசியா பேசுவது நடந்து முடிந்ததைப் பற்றித்தான். அடுத்த வசனமே அந்த மகன் பாகால்களுக்குப் பலியிட்டான் என்று குறை சொல்கிறது, மத்தேயு அந்த வசனத்தின் பக்கமே போகவில்லை. ஆனால் யூதர்கள் எழுதியபடியே வாசித்தார்கள் என்பதற்கு எபிரெய மறைநூலே எதிர்சாட்சி. பழைய வாக்கைத் தன் காலத்திற்குத் திருப்பிக்கொள்ளும் பழக்கம் மத்தேயுவுக்கு ஏறத்தாழ 250 ஆண்டுகள் முன்பே, அந்தத் தொகுப்பின் உள்ளேயே, வெளிப்படையாக நடந்திருக்கிறது. தானியேல் 9ஆம் அதிகாரத்தையும் எரேமியா 25, 29 ஆகியவற்றையும் அருகருகே வைத்து வாசித்துவிட்டு வாருங்கள்.

6 ஆகஸ்ட் 2024

வாசித்தவர்களுக்காக விரிவாக எழுதுகிறேன்.

எரேமியா 25ஆம் அதிகாரம் பாபிலோனின் ஆதிக்கத்திற்கு எழுபது ஆண்டுகளைக் குறிக்கிறது. நாடு கடத்தப்பட்டவர்களுக்கு அவர் எழுதிய கடிதத்தில், 29ஆம் அதிகாரத்தில், அதே எண் மீண்டும் வருகிறது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவையுங்கள் என்று அக்கடிதம் சொல்கிறது. எழுபது ஆண்டு என்றால் ஒரு மனிதனின் ஆயுட்காலம். கேட்டவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பப் போவதில்லை என்பதே அதன் உட்பொருள். ஆறுதலாக எழுதப்பட்ட எண் என்று நம் சபைகளில் சொல்கிறார்கள். எனக்கு அது முதலில் கசப்பான எண்ணாகவே தோன்றுகிறது.

எருசலேம் கி.மு. 586 இல் வீழ்ந்தது. பாபிலோன் கி.மு. 539 இல் பாரசீக அரசன் கோரேசிடம் வீழ்ந்தது. இடைப்பட்ட காலம் 47 ஆண்டுகளே. ஆகவே கணக்கு ஆரம்பத்திலிருந்தே இடித்தது, அதற்கு முதலில் வழி தேடியவர்கள் எபிரெய நூலாசிரியர்களே. சகரியாவின் முதல் அதிகாரம், பின்வந்த பாரசீக அரசன் தரியுவின் இரண்டாம் ஆட்சியாண்டிலும், எழுபது ஆண்டாகியும் கோபம் தணியவில்லையே என்று தூதன் முறையிடுவதாக எழுதி, எண்ணிக்கையைக் கோயிலின் பக்கம் நகர்த்துகிறது. நாளாகமத்தின் கடைசி அதிகாரம் இன்னும் துணிச்சலானது. மக்கள் ஓய்வாண்டுகளைக் கடைப்பிடிக்காவிட்டால் அவர்கள் பகைவர் நாட்டில் இருக்கும்போது நிலம் தானே அந்த ஓய்வை எடுத்துக்கொள்ளும் என்று லேவியராகமம் 26 எச்சரிக்கிறது. நாளாகமம் அந்த எச்சரிக்கையையும் எரேமியாவின் எண்ணையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து, எழுபது ஆண்டுகளும் நிலம் ஓய்ந்து கிடந்த ஆண்டுகள் என்கிறது. எரேமியா நிலத்தின் ஓய்வைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இந்தச் சேர்க்கை நடந்த பிறகுதான் தானியேல் 9 சாத்தியமாகிறது. ஓய்வாண்டு ஏழாண்டுக்கு ஒருமுறை வருவது. எழுபது ஓய்வாண்டுகள் என்றால் 490 ஆண்டுகள். எரேமியாவின் சுருளை வாசித்துக் கலங்கி மன்றாடும் தானியேலிடம் காபிரியேல் என்ற தூதன் வந்து, எழுபது ஆண்டு என்பது எழுபது ஏழாண்டுக் கூறுகள் என்று விளக்குகிறான். அந்தக் கடைசிக் கூறின் நடுவில் பலி நிறுத்தப்படுகிறது, கோயிலில் அருவருப்பு நிறுவப்படுகிறது. சிரியாவை ஆண்ட கிரேக்க அரசன் நான்காம் அந்தியோக்கு எருசலேம் கோயிலின் நித்திய பலியை நிறுத்தியது கி.மு. 167 இல், கோயில் மீண்டும் தூய்மையாக்கப்பட்டது கி.மு. 164 இல். இந்த இடைவெளியில் எழுதப்பட்ட அதிகாரம் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. கி.பி. மூன்றாம் நூற்றாண்டிலேயே போர்ஃபிரி என்ற தத்துவவாதி இதைச் சொல்லி, தானியேல் நூல் அந்தியோக்கின் காலத்தது என்று வாதிட்டார். அவருடைய நூல் அழிந்தது, கி.பி. 407 இல் கிறித்தவ அறிஞர் எரோனிமு தம் தானியேல் உரையில் அவரை மறுக்கப் போய், அவருடைய வாதத்தை நமக்குக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்.

தவணை கடந்த கடன்பத்திரத்தைக் கிழித்தெறியாமல் புதுத் தேதியிட்டு எழுதி வைத்துக்கொள்வதுபோல, எரேமியாவின் வாக்கு மூன்று முறை புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. மூன்று முறையும் கை வைத்தவர்கள் யூதர்கள். மூன்று முறையும் அந்தப் புதுப்பிப்பு மறைநூலுக்குள்ளேயே இடம்பெற்றது.

7 ஆகஸ்ட் 2024

ஒருவர் கேட்டதற்கு: ஏசாயா 7:14 இல் வருவது கன்னியா, இளம்பெண்ணா என்ற வழக்கமான சண்டையை இந்த இழைக்கு இழுத்துவராதீர்கள். அது எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

11 ஆகஸ்ட் 2024

"தானியேல் எரேமியாவை விளக்கியதோடு அந்தக் கணக்கு முடிந்ததா?" என்ற கேள்விக்கு: முடியவில்லை, பெருகியது.

கி.பி. 70 இல் இரண்டாம் கோயிலும் எரிந்த பிறகு, ஏறத்தாழ கி.பி. 100 அளவில், எஸ்றாவின் பெயரில் ஒரு யூத நூல் எழுதப்பட்டது. லத்தீன் மரபில் அதை நான்காம் எஸ்றா என்பார்கள். அதில் கடலிலிருந்து ஒரு கழுகு எழும்புகிறது. அது உரோமப் பேரரசு. தூதன் எஸ்றாவிடம் சொல்லும் விளக்கத்தில் ஒரு வாக்கியம் இந்த இழைக்கு மிக வேண்டியது. இந்தக் கழுகு உன் சகோதரனாகிய தானியேலின் தரிசனத்தில் தோன்றிய நான்காம் அரசு, ஆனால் இப்போது நான் உனக்கு விளக்குவதுபோல அவனுக்கு விளக்கப்படவில்லை என்கிறான் தூதன். தானியேலுக்கு நான்காம் அரசு கிரேக்கர். நான்காம் எஸ்றாவுக்கு உரோமர். பழைய பொருள் வேறு என்பது ஆசிரியருக்குத் தெரிந்தே இருக்கிறது, அதை அவர் மறைக்கவும் இல்லை. "திரித்தல்" என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிட நேரான பதிலை நான் பார்த்ததில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்ச் சபையின் கூடத்தில் தானியேலின் எழுபது வாரங்களின் (அதே ஏழாண்டுக் கூறுகளின்) வரைபடம் துணியில் தீட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. அம்புக்குறிகள், சிங்கம், கரடி, சிறுத்தை, கடைசியில் பெயரில்லாத ஒரு மிருகம். எந்த மிருகம் எந்த அரசு என்று நாங்கள் மனப்பாடமாகச் சொல்வோம். நான்காம் எஸ்றாவை வாசித்த பிறகுதான், அந்தத் துணியை வரைந்தவர் ஈராயிரம் ஆண்டுத் தொழில் ஒன்றில் கடைசியாகச் சேர்ந்த கைவினைஞர் என்று விளங்கியது. அவரும் தம் காலத்துச் செய்தித்தாளைத்தான் கடைசி வாரத்தில் செருகியிருந்தார்.

12 ஆகஸ்ட் 2024

இன்னொன்று. எண்ணாகமம் 24:24 இல், கித்தீமிலிருந்து கப்பல்கள் வரும் என்று பிலேயாம் என்ற குறிசொல்லி சொல்கிறான். கித்தீம் முதலில் சைப்ரசின் ஒரு நகரம். மக்கபேயர் முதல் நூலில் அலெக்சாந்தர் அங்கிருந்துதான் வருகிறான், ஆகவே கிரேக்கர். தானியேல் 11:30 இல் வரும் கித்தீமின் கப்பல்கள், கி.மு. 168 இல் எகிப்தில் அந்தியோக்கைத் தடுத்து நிறுத்திய உரோமருடையவை. எவன் கடல் கடந்து படையோடு வருகிறானோ அவனே கித்தீம்.

18 ஆகஸ்ட் 2024

சாக்கடலோரக் குகைகளில் சுருள்கள் கிடைத்த கும்ரான் பற்றி ஏன் எழுதவில்லை என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். எழுதாமல் விட முடியுமா?

1947 இல் முதற்குகையிலிருந்து வெளிவந்த சுருள்களில் ஆபகூக் நூலுக்கான உரை ஒன்று உண்டு. வசனத்தை எழுதி, அடுத்து "இதன் விளக்கம்" என்று தொடங்கி, அந்தச் சமூகத்தின் சொந்த வரலாற்றை எழுதிச் செல்லும் முறை அது. ஆபகூக் கல்தேயரை, அதாவது பாபிலோனியரைப் பற்றிப் பேசினால் உரை கித்தீமைப் பற்றிப் பேசுகிறது. தங்கள் போர்க்கொடிகளுக்குப் பலியிடுகிறவர்கள் என்ற குறிப்பால் அவர்கள் உரோமர் என்று அறிகிறோம். ஏழாம் பத்தியில் அந்த உரையின் கொள்கை வெளிப்படையாகவே சொல்லப்படுகிறது: கடைசித் தலைமுறைக்கு நேரப்போவதை எழுதும்படி கடவுள் ஆபகூக்கிடம் சொன்னார், ஆனால் காலத்தின் நிறைவை அவனுக்கு அறிவிக்கவில்லை, இறைவாக்கினரின் சொற்களிலுள்ள மறைபொருள் அனைத்தையும் நீதியின் ஆசிரியருக்கே அறிவித்தார். அதாவது, எழுதியவனுக்கே தெரியாத பொருள் எங்கள் ஆசிரியருக்குத் தெரியும். இதே துணிவை ஒரு கிறித்தவர் காட்டியிருந்தால் நம் கேள்வியாளர் எழுந்து நின்றிருப்பார்.

உரை இரண்டாம் அதிகாரத்தோடு நின்றுவிடுகிறது. மூன்றாம் அதிகாரம் ஒரு பாட்டு. உரைகாரரிடமிருந்து எப்படியோ தப்பித்தது.

ஆபகூக் 2:4 ஐ மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். நீதிமான் தன் விசுவாசத்தால் பிழைப்பான் என்பது. கும்ரான் உரைக்கு அது யூதாவின் வீட்டில் திருச்சட்டத்தைக் கடைப்பிடித்து, தங்கள் உழைப்பாலும் நீதியின் ஆசிரியரிடம் கொண்ட பற்றுறுதியாலும் தண்டனைத் தீர்ப்பிலிருந்து மீட்கப்படுகிறவர்களைப் பற்றியது. பவுல் கலாத்தியருக்கும் ரோமருக்கும் எழுதும்போது அதே வசனத்தைக் காட்டி, திருச்சட்டத்தால் யாரும் நீதிமான் ஆவதில்லை என்று வாதிடுகிறார். யூத மத ஆசிரியர்களின் விவாதத் தொகுப்பான தல்மூதின் மக்கோத் பகுதி வேறொரு திசையில் போகிறது: மோசேக்கு 613 கட்டளைகள் கொடுக்கப்பட்டன, தாவீது அவற்றை 11 இல் நிறுத்தினார், ஏசாயா 6 இல், மீகா 3 இல், மறுபடியும் ஏசாயா 2 இல், இறுதியில் ஆபகூக் இந்த ஒன்றில் நிறுத்தினார். சட்டத்தைக் காப்பவனுக்கு ஒரு சான்று, சட்டம் போதாது என்பவனுக்கு ஒரு சான்று, சட்டம் முழுவதையும் ஒரே மூச்சில் சொல்ல நினைப்பவனுக்கு ஒரு சான்று. மூவரும் யூதர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். பவுல் தம்மை வேறெதுவாகவும் நினைத்துக்கொண்டதில்லை.

19 ஆகஸ்ட் 2024

"எல்லா மறுவாசிப்பும் நிறைவேறாத வாக்கிலிருந்து பிறந்தது என்று நீங்கள் காட்ட முயல்வதுபோல் இருக்கிறது" என்று ஒரு நண்பர் இடித்துரைத்திருக்கிறார். எழுபது ஆண்டில் நான் அதிக நேரம் நின்றதால் அப்படித் தோன்றலாம். இரண்டு கட்டளைகள் மோதும்போதும் இது நடக்கிறது, கதையில் இடைவெளி இருக்கும்போதும் நடக்கிறது.

மோதலுக்குச் சான்று, எகிப்திலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் பண்டிகையின் பலியாகிய பஸ்கா ஆடு. யாத்திராகமம் 12 அதை நெருப்பில் சுட வேண்டும், நீரில் வேகவைக்கக் கூடாது என்கிறது. உபாகமம் 16, எபிரெய மூலத்தில், அதை வேகவைத்துத் தின்னச் சொல்கிறது. இரண்டும் மோசேயின் பெயரில் இருப்பவை. ஒன்றைத் தள்ள முடியாது. 2 நாளாகமம் 35:13 இல் மக்கள் பஸ்காவை "நெருப்பில் வேகவைத்தார்கள்". எந்தச் சமையற்காரியும் செய்யாத காரியம் இது. ஆனால் இரண்டு கட்டளைகளையும் காப்பாற்றிவிட்டது. தமிழ் மொழிபெயர்ப்பில் இந்த முரண் தெரியாதபடி பொரித்துச் சமைத்துவிட்டார்கள்.

இடைவெளிக்குச் சான்று கன்மலை. இஸ்ரவேலர் பயணத்தின் தொடக்கத்தில் ரெவிதீமில் மோசே கன்மலையிலிருந்து நீர் வரச்செய்கிறார். பயணத்தின் முடிவில், எண்ணாகமம் 20 இல், காதேசில் மறுபடியும் அதே வேலை. இடையில் நாற்பது ஆண்டுகள் என்ன குடித்தார்கள்? அந்த ஊற்று அவர்களோடு கூடவே நகர்ந்து வந்தது என்று யூத மரபு விடை கண்டது. மோசேயின் அக்காள் மிரியாம் இறந்த செய்தியை அடுத்து நீரில்லை என்ற செய்தி வருவதால், அது மிரியாமின் பொருட்டுக் கொடுக்கப்பட்ட கிணறு என்றார்கள். பவுல் 1 கொரிந்தியர் 10:4 இல், தங்களைப் பின்தொடர்ந்த கன்மலையிலிருந்து அவர்கள் குடித்தார்கள், அந்தக் கன்மலை கிறிஸ்து என்று எழுதுகிறார். பின்தொடர்ந்த கன்மலை என்று மோசேயின் நூல்கள் எதிலும் இல்லை. பவுல் தாம் கற்ற மரபை, விளக்கம் தேவையில்லை என்ற எண்ணத்தோடு, போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடைசிச் சொல்லை மட்டும் தம்முடையதாகச் சேர்க்கிறார். வேதபாட வகுப்பில் கன்மலை எப்படிப் பின்தொடரும் என்று நான் கேட்டபோது, அது ஆவிக்குரிய கன்மலை என்று சொல்லி உட்கார வைத்தார்கள். கிணற்றின் கதையைச் சொல்லியிருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பேன்.

25 ஆகஸ்ட் 2024

ஆகாரும் சாராளும்: ஆபிரகாமுக்குப் பிள்ளை பெற்ற அடிமைப்பெண்ணும் மனைவியும்.

அலெக்சாந்திரியாவின் ஃபிலோ பவுலின் காலத்தவர், சற்று மூத்தவர், கி.பி. 39 அளவில் தம் மக்களுக்காகப் பேரரசன் காயுவிடம் தூது சென்றவர். அவருடைய நகரத்தில் கிரேக்க அறிஞர்கள் ஹோமரின் காவியங்களை உருவகமாக வாசித்துப் பழகியிருந்தார்கள். அந்தக் கருவியை அவர் மோசேயின் நூல்களுக்குக் கொண்டுவந்தார். அவர் கையில் சாராள் ஞானம் அல்லது அறம், ஆகார் இலக்கணம், வடிவியல், இசை முதலிய ஆரம்பக் கல்வி. ஆபிரகாம் என்ற மனம் முதலில் ஆரம்பக் கல்வியோடு கூடி, பின்னரே ஞானத்தின் வழியாகப் பிள்ளை பெறத் தகுதி அடைகிறது. ஆகாரைத் துரத்துவது, கல்வியிலேயே தேங்கி வாதம் செய்துகொண்டிருப்பதை விட்டுவிடுவது. மாணவனாக இருந்தபோது இதை வாசித்து நான் சிரித்தேன்; இப்போது, ஆகாரை இழிவுபடுத்தாத சில பழைய வாசிப்புகளில் இதுவும் ஒன்று என்று மதிக்கிறேன்.

பவுல் கலாத்தியர் 4 இல் அதே இரு பெண்களை எடுத்து, இவை உருவகமாகச் சொல்லப்பட்டவை என்று தாமே அறிவிக்கிறார். ஆகார் சீனாய் மலை உடன்படிக்கை, இப்போதிருக்கும் எருசலேம், அடிமைத்தனம். சாராள் மேலான எருசலேம், விடுதலை. சீனாயில் சட்டம் பெற்றவர்கள் சாராளின் மக்கள் என்பது எந்த யூத வாசகனுக்கும் அடிப்படை. பவுல் அதைத் தலைகீழாக்குகிறார். ஃபிலோவுக்கும் பவுலுக்கும் கருவி ஒன்றே. ஃபிலோ வெட்டியது மனத்துக்குள்; பவுல் வெட்டியது ஒரு சமூகத்தின் நடுவில். நம் கேள்வியாளர் உண்மையில் தொட வந்த புண் இதுதான் என்று நினைக்கிறேன், மத்தேயுவின் ஓசியா மேற்கோளைவிட.

ஃபிலோ ஓர் எல்லையும் வகுத்திருக்கிறார். ஆபிரகாமின் குடிபெயர்ச்சி பற்றிய நூலில், உள்ளர்த்தம் கிடைத்துவிட்டதால் ஓய்வுநாளும் விருத்தசேதனமும் வேண்டாம் என்பவர்களை அவர் கண்டிக்கிறார். வெளிச்சட்டம் உடல், உள்ளர்த்தம் உயிர். உயிரின் வீடு என்பதால் உடலைப் பேண வேண்டும் என்கிறார். அப்படி வேண்டாம் என்ற யூதர்கள் கிறித்தவத்துக்கு முன்பே அலெக்சாந்திரியாவில் இருந்திருக்கிறார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது.

27 ஆகஸ்ட் 2024

ஃபிலோவை யூத மரபு ஏன் மறந்தது என்று கேட்கிறீர்கள். பழைய ரபீக்களின், அதாவது யூத மத ஆசிரியர்களின் நூல்களில் அவர் பெயர் வருவதில்லை. அவருடைய நூல்கள் இன்று நம் கையில் இருப்பதற்குக் காரணம் கிறித்தவப் படியெடுப்பாளர்கள்.

1 செப்டம்பர் 2024

கொஞ்சம் சிரிப்பதற்கு: ஆதியாகமம் 14:14. சிறைபிடிக்கப்பட்ட தன் சகோதரனின் மகன் லோத்தை மீட்க ஆபிரகாம் 318 ஆட்களோடு புறப்படுகிறான்.

பர்னபாவின் நிருபம் என்று வழங்கும் ஆதிக் கிறித்தவ நூல், கி.பி. 70க்குப் பின் 135 அளவிற்குள் எழுதப்பட்டிருக்கலாம். பழைய கிரேக்க மறைநூல் கைப்படியான சீனாய்ச் சுவடியில் புதிய ஏற்பாட்டோடு சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. அதன் ஆசிரியர் கிரேக்க எழுத்துகளின் எண்மதிப்பைக் கொண்டு கணக்கிடுகிறார். பத்தும் எட்டும் இயேசு என்ற பெயரின் முதல் இரண்டு எழுத்துகள். முந்நூறு, சிலுவை வடிவிலுள்ள எழுத்து. ஆகவே ஆபிரகாம் சிலுவையை முன்னறிந்திருந்தான். ஆபிரகாமுக்குக் கிரேக்கம் எப்படித் தெரியும் என்ற கேள்வி அவருக்கு எழவில்லை. இதைவிட உண்மையான பாடத்தை என்னிடமிருந்து யாரும் கற்றதில்லை என்று வேறு பெருமைப்படுகிறார்.

சிரிக்கும் முன் மறுபக்கத்தையும் பாருங்கள். தல்மூதின் நெதாரிம் பகுதியில் அதே 318, எபிரெய எழுத்துகளின் கணக்கில், ஆபிரகாமின் வேலைக்காரனாகிய எலியேசரின் பெயர். ஆகவே போனது ஒரே ஆள்! கி.பி. 325 இல் நிக்கேயாவில் கூடிய ஆயர்களின் எண்ணிக்கையும் பின்னாளில் 318 என்றே நிலைத்துவிட்டது. அங்கே இருந்த சபை வரலாற்றாசிரியர் எவுசேபியு 250க்கு மேல் என்றுதான் எழுதினார். ஓர் எண்ணைக் கையில் எடுத்துவிட்டால் யூதரும் கிறித்தவரும் சளைத்தவர்கள் அல்லர்.

3 செப்டம்பர் 2024

முந்தைய குறிப்புக்கு ஓர் எதிர்க்குறிப்பு நானே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் பர்னபாவின் நிருபம் சிரித்துவிட்டு மூடிவைக்கும் நூல் அன்று.

உணவுச் சட்டங்களை உருவகமாக வாசித்த முதல் நூல் அது இல்லை. கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அரிஸ்தேயாவின் கடிதம் என்ற யூத நூல், மோசே எலிக்கும் மரநாய்க்கும் கவலைப்பட்டுச் சட்டம் எழுதினார் என்று நினைக்காதீர்கள் என்கிறது. விரிகுளம்பு என்பது நன்மை தீமையைப் பிரித்தறிவதற்கான குறி. ஆனால் அரிஸ்தேயா அந்த அர்த்தத்தைக் கண்டு, சட்டத்தையும் காக்கிறது. பர்னபா, பன்றியைப் போன்ற மனிதர்களோடு சேராதே என்பதே மோசே சொன்னது, உணவைப் பற்றி அவர் பேசவே இல்லை என்கிறது. விருத்தசேதனத்தை உடலில் செய்தவர்களைத் தீய தூதன் ஏமாற்றினான் என்கிறது. பொன் கன்றுக்குட்டியின் நாளிலேயே உடன்படிக்கை அவர்கள் கையைவிட்டுப் போனது என்கிறது.

மறுவாசிப்பில் எனக்கு மனத்தடை வரும் இடம் இதுவே. நான்காம் எஸ்றா தானியேலுக்கு ஒரு பொருளை விட்டுவைக்கிறது. கும்ரான் உரை ஆபகூக்குக்குத் தெரியாததைத் தான் அறிந்ததாகச் சொன்னாலும், ஆபகூக்கின் மக்களுக்குள் நின்றே சொல்கிறது. பர்னபா, புதிய பொருளைச் சேர்ப்பதோடு நில்லாமல், பழைய வாசகர்களுக்கு அந்த நூல் ஒருநாளும் சொந்தமாக இருந்ததில்லை என்கிறது. எதிர்த்தரப்பில் வாழும் யூதரிடம் அதை நேருக்கு நேர் சொல்ல வேண்டியிருந்தவர்கள் கொஞ்சம் நிதானமாகவே எழுதினார்கள். இரண்டாம் நூற்றாண்டுக் கிறித்தவரான யுஸ்தீன், திரிபோ என்ற யூதரோடு நடத்தியதாக எழுதிய உரையாடலில், சங்கீதம் 110 எசேக்கியா அரசனைப் பற்றியது என்று திரிபோவின் ஆசிரியர்கள் விளக்குவதைப் பதிவு செய்கிறார். மூன்றாம் நூற்றாண்டுக் கிறித்தவ அறிஞர் ஒரிகேன், ஏசாயா 53 இன் துன்புறும் ஊழியன் சிதறடிக்கப்பட்ட மக்கள் அனைவரும் சேர்ந்த ஓர் உரு என்று தம்மோடு வாதிட்ட யூதர்கள் சொன்னதை, கிறித்தவத்தைத் தாக்கி எழுதிய கெல்சுவுக்கு எதிரான நூலில் எழுதிவைக்கிறார். மறுத்தார்கள்தாம், ஆனால் மறுக்கும் அளவுக்கு அது ஒரு வாசிப்பு என்று ஒப்புக்கொண்டார்கள்.

8 செப்டம்பர் 2024

"அப்படியானால் எழுதியபடியே வாசிப்பதே நேர்மை" என்று நம் முதல் கேள்வியாளர் திரும்பி வந்திருக்கிறார். அவர் கேட்ட அந்த நேர்மையான வாசகர் இரண்டாம் நூற்றாண்டில் இருந்தார். அவர் பெயர் மார்கியோன்.

கருங்கடற்கரைச் சினோப்பேயிலிருந்து வந்த கப்பல் உரிமையாளர் அவர். உரோமைச் சபைக்கு 2,00,000 செஸ்தெர்சு (உரோம நாணயம்) காணிக்கை கொடுத்தார், கி.பி. 144 இல் பிரிவு ஏற்பட்டபோது அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று கிறித்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் சொல்கிறார். மார்கியோன் உருவக வாசிப்பை ஏற்கவில்லை. எபிரெய இறைவாக்கினர் முன்னறிவித்தது இஸ்ரவேலுக்கு வரவேண்டிய ஓர் அரசரை. அந்த மேசியா இனிமேல்தான் வருவார். இயேசு அவர் அல்லர் என்றார். இந்த இடத்தில் மார்கியோன் யூதர்களோடு சேர்ந்துகொள்கிறார் என்று தெர்த்துல்லியன் எரிச்சலோடு எழுதுகிறார். வாசகராக மார்கியோன் கண்ணியமானவர் என்றே சொல்லத் தோன்றுகிறது.

அந்த வாசிப்பு அவரை எங்கே கொண்டுபோய் விட்டது? எபிரெய நூல் முழுவதையும் தள்ளினார். அதன் கடவுள் வேறு, இயேசுவின் தந்தை வேறு என்றார். லூக்காவை ஒத்த ஒரு நற்செய்தியையும் பவுலின் பத்துக் கடிதங்களையும் மட்டும் வைத்துக்கொண்டார். எழுதியபடி வாசித்தவர் நூலைத் தூக்கி எறிந்தார். வளைத்து வாசித்தவர்கள் அதைத் தங்கள் மறைநூலாக வைத்துக்கொண்டார்கள். தெர்த்துல்லியன் ஐந்து புத்தகங்கள் எழுதி மார்கியோனை மறுத்திராவிட்டால், அல்லது தோற்றிருந்தால், ஓசியாவை மத்தேயு என்ன செய்தார் என்று கேட்கவே நம்மில் பலருக்கு ஓசியா கையில் கிடைத்திருக்காது.

இதனால் பர்னபாவை நான் மன்னித்துவிட்டேன் என்று பொருளில்லை.

15 செப்டம்பர் 2024

ஈசாக்கைப் பற்றிச் சுருக்கமாக. ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போகும் ஆதியாகமம் 22 இல் அவன் பேசுவது ஒரே ஒருமுறை. யூபிலிகள் என்ற யூத நூல், கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே, சோதனையைத் தூண்டியவன் மஸ்தேமா என்ற தீய தலைவன் என்று எழுதிக் கடவுளின் மேல் விழும் பழியைக் குறைக்கிறது; நாளாகமம், 2 சாமுவேல் 24 இல் தாவீதைக் கடவுள் தூண்டியதாக இருந்த இடத்தில் சாத்தானை வைத்தது போன்ற வேலை. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு ஈசாக்குக்கு 25 வயது என்கிறார், அவன் மகிழ்ந்து பலிபீடத்துக்கு விரைந்தான் என்கிறார். ரபீக்கள் சாராள் 90 வயதில் பெற்று 127 வயதில் இறந்ததை வைத்து 37 வயது என்று கணக்கிட்டார்கள். குழந்தையாக நாம் படத்தில் பார்த்தவன் இப்படி வளர்ந்துவிட்டான்.

ஆதியாகமத்துக்கான மித்ராஷ் (ரபீக்களின் விளக்கவுரை) தொகுப்பு, ஈசாக்கு விறகைச் சுமந்ததைத் தன் சிலுவையைத் தோளில் சுமப்பவனுக்கு ஒப்பிடுகிறது. கிறித்தவர்கள் சொன்னதாக இருந்தால் வியப்பில்லை; இது ரபீக்களின் நூல். உரோமர் சிலுவையில் அறைந்த யூதர்களின் நினைவா, கிறித்தவப் போதகர்களுக்கு ஒரு பதிலா, இரண்டுமா என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். எனக்கு முதலாவதே போதுமான விளக்கமாகத் தோன்றுகிறது. ஒருவர் இன்னொருவரிடமிருந்து எடுத்தார் என்று எப்போதும் தேட வேண்டியதில்லை.

17 செப்டம்பர் 2024

படம் என்றதும் ஒருவர் தூரா எவுரோப்போசைக் கேட்டிருக்கிறார். யூப்ரத்தீசுக் கரையில், சிரியாவில். அங்குள்ள தொழுகைக்கூடத்தின் ஓவியங்கள் கி.பி. 244-245 ஐ ஒட்டியவை. பலிபீடத்தின் மேல் ஈசாக்கும் உண்டு, ஒரு கிணற்றிலிருந்து பன்னிரண்டு கூடாரங்களுக்கு நீர் பிரிந்தோடும் காட்சியும் உண்டு. பவுல் போகிற போக்கில் சொன்ன அந்தக் கிணற்று மரபு சுவரேறி நிற்கிறது. அதே மதிலோரமாகச் சற்றுத் தள்ளி, ஞானஸ்நானத் தொட்டியோடு கூடிய ஒரு கிறித்தவ வழிபாட்டு வீடும் இருந்தது. பாரசீகச் சசானியரின் முற்றுகைக்கு எதிராக மதிலைப் பலப்படுத்தக் கொட்டிய மண் இரண்டையும் மூடியதால்தான் இரண்டும் நமக்குக் கிடைத்தன.

5 அக்டோபர் 2024

எழுபது ஆண்டுக் கணக்கு ரபீக்களிடம் என்ன ஆயிற்று என்று கேட்டவருக்குப் பதில் பாக்கி இருந்தது. இந்த வாரம் யூதர்களின் 5785ஆம் ஆண்டு பிறந்திருப்பதால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

செதெர் ஓலாம் என்ற ரபீக்களின் காலக்கணக்கு நூல், தானியேலின் 490 ஆண்டுகளை முதற்கோயிலின் அழிவிலிருந்து இரண்டாம் கோயிலின் அழிவு வரை என்று எடுத்துக்கொள்கிறது: சிறையிருப்பு 70, இரண்டாம் கோயில் 420. வரலாற்றாசிரியர்களின் கணக்கில் கி.மு. 586 முதல் கி.பி. 70 வரை ஏறத்தாழ 655 ஆண்டுகள். எஞ்சிய 165 ஆண்டுகள் எங்கே போயின? செதெர் ஓலாம் 420ஐப் பிரிக்கும்போது பாரசீகர்களுக்கு 34, கிரேக்கர்களுக்கு 180, அஸ்மோனியர்கள் என்ற யூத அரச குலத்துக்கு 103, ஏரோதின் குலத்துக்கு 103 என்று கொடுக்கிறது. கோயில் கட்டி முடிந்ததிலிருந்து அலெக்சாந்தர் வரும்வரை உண்மையில் ஓடிய பாரசீகக் காலம் 180 ஆண்டுக்கும் மேல். இழப்பின் பெரும்பகுதி பாரசீகர்களின் தலையில் விழுந்தது. உலகம் படைக்கப்பட்டதிலிருந்து எண்ணுவதாகச் சொல்லும் யூத ஆண்டுக்கணக்கு இந்த வரிசையின் மேல்தான் நிற்கிறது. 5785 என்ற எண்ணுக்குள் எரேமியாவின் எழுபதும், நாளாகமத்தின் ஓய்வாண்டும், காபிரியேலின் ஏழாண்டுக் கூறுகளும் இருக்கின்றன.

கிறித்தவர்கள் அதே 490ஐ இயேசுவிடம் கொண்டுபோய்ச் சேர்க்கப் பட்ட பாடும் குறைவில்லை. மூன்றாம் நூற்றாண்டின் யூலியு ஆப்பிரிக்கானு, பாரசீக அரசன் அர்தசஷ்டாவின் இருபதாம் ஆண்டிலிருந்து எண்ணி, 475 சூரிய ஆண்டுகள் 490 சந்திர ஆண்டுகளுக்குச் சமம் என்று காட்டி முடித்தார். பெருக்கிப் பார்த்தேன்; கணக்கு ஓரளவு சரியாகவே வருகிறது.